கொழுந்து லொறியில் மனிதர்

(ஹட்டனில் தோட்டத் தொழிலாளரும் மலையக விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய அன்பர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். காணியைப் பற்றிப் பேசினார்கள். வீட்டைப் பற்றியும் பேசினார்கள். அவற்றையே மறுபடியும் எடுத்துரைத்து உங்கள் பொறுமையைச் சோதிக்க நான் விரும்பவில்லை. இம்மண்டபத்தின் வாசலுக்கு வெளியே மூன்று லொறிகள் நிற்கின்றன. உள்ளே நுழையும்பொழுது அவற்றைக் கண்டேன். ஒன்றின் தட்டில் காலையில் ஏற்றிய கொழுந்தின் இலைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்றில் கோவா இலைகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் வந்து இறங்கியவர்களிற் பலர் இப்பொழுது என் முன்னால் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே நான் பேசவேண்டிய பொருளை அந்த லொறிகளே எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டன. கூட்டத்தைக் கூட்டிய நண்பர்கள் இதற்காக என்மேல் கோபங்கொள்ளக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

லொறி என்பது சரக்கு ஏற்றும் வாகனம். இதைச் சொல்லச் சட்டத்தரணி தேவையில்லை. ஆயினும் மலையகத்தில் ஒரு நாள் விடிந்து அடைவதற்குள் லொறித் தட்டில் எத்தனை மனிதர் ஏறி இறங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். மேற்பிரிவில் ஆள் போதாது என்று கீழ்ப்பிரிவுப் பெண்கள் பிரட்டுக்களத்திலிருந்து லொறியில் ஏற்றப்படுகிறார்கள். கந்தப்பளையிலும் இராகலையிலும் வெலிமடைப் பக்கத்திலும் உருளைக்கிழங்கு கிளறவும் கரட் பிடுங்கவும் அயல் தோட்டங்களிலிருந்து பெண்கள் அதிகாலையிலேயே கூட்டிச் செல்லப்படுகிறார்கள். மரணவீட்டுக்கு லொறி, திருமணத்துக்கு லொறி, தேர்த்திருவிழாவுக்கு லொறி, தேர்தல் கூட்டத்துக்கும் மேதின ஊர்வலத்துக்கும் லொறி. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைக் கொழுந்து லொறியிற் கிடத்திக் கொண்டுபோன கதை எந்தத் தோட்டத்தில் இல்லை? பிறப்பதற்கும் லொறி, இறப்பதற்கும் லொறி என்று ஒரு பெரியவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். அவ்வழியில் வீழ்ந்தவர்களுக்குக் கணக்கில்லை. பின்னர் ரயில் வந்தது. 1884ஆம் ஆண்டில் ஹட்டனுக்கும் 1885ஆம் ஆண்டில் நானுஓயாவுக்கும் வந்த அந்த ரயில், தோட்டத்தின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கும் நோக்கத்தோடு மலையேறியது. அதன்பின் லொறி வந்தது. அதுவும் தேயிலைக்காகவே வந்தது. பொருளுக்காக வந்த வாகனத்தில் மனிதன் ஓரமாக ஒட்டிக்கொண்டு போகும் வழக்கம் இம்மலைகளில் அன்று தொடங்கியது, இன்றும் நீங்கவில்லை.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். உங்களுக்குப் பாடம் சொல்ல வந்தவன் அல்லன். சிறுவனாக இருந்த காலத்தில் தீபாவளிக்கு முதல் நாள் கொழுந்து லொறியில் டவுனுக்குப் போவதைப்போல மகிழ்ச்சி வேறொன்றும் எனக்கு இருந்ததில்லை. முன்பக்கப் பலகையைப் பற்றிக்கொண்டு நின்றால் காற்று முகத்தில் வந்து அடிக்கும்; தேயிலை மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வரும். பஸ்ஸில் போகும் பிள்ளைகளைப் பார்த்துக் கையசைப்போம். அந்த மகிழ்ச்சியை நான் பொய்யென்று சொல்லமாட்டேன்.

எனக்குப் பதினேழு வயது நடந்தபொழுது ஓர் ஆடி மாதத்துக் காலைவேளையில் என் சின்னம்மா அதே லொறியிலிருந்து வீழ்ந்தார். மூன்று நாளாக விடாத மழை. கீழ்ப்பிரிவில் கொழுந்து முற்றிப் போகிறது என்று பிரட்டில் சொல்லி, இருபதுக்கு மேற்பட்ட பெண்களை ஏற்றி அனுப்பினார்கள். தட்டின் பலகைகளில் முந்தின நாட் கொழுந்தின் ஈரம். பின்பலகையின் கொக்கி தேய்ந்து போயிருந்தது. அதைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஸ்டோருக்குக் கீழே உள்ள வளைவில் லொறி திரும்பியது. நின்றவர்கள் அனைவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். கம்பி அறுந்து பலகை திறந்தது. மூன்று பேர் வீழ்ந்தார்கள். இருவர் கை கால் முறிவோடு பிழைத்துக்கொண்டார்கள். சின்னம்மாவின் தலை மதகுக் கல்லில் மோதியது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே லொறிதான். மூன்றாம் நாள் அவர் இறந்தார். அவருடைய இரு பிள்ளைகளும் எங்கள் காம்பிராவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வழக்கு நடந்தது. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அவனும் நம்மவன்தான்; அந்த அபராதத்துக்குக் கடன் வாங்கினான். தோட்டத்துக் கந்தோர் என்ன சொல்லியது? லொறி கொழுந்து ஏற்றுவதற்காக அனுப்பப்பட்டது. அதில் ஏறியவர்கள் தம் விருப்பப்படி ஏறினார்கள். ஆட்களை ஏற்றும்படி எவரும் கட்டளையிடவில்லை என்று சொல்லியது. அக்கூற்றை மறுப்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பிரட்டுக்களத்தில் வாயால் இடப்படும் கட்டளைக்கு ஏது காகிதம்? ஏறமாட்டேன் என்று ஒரு பெண் சொல்லியிருந்தால் அன்று அவளுக்கு வேலை இருந்திராது என்பதை அங்கே நின்ற அத்தனை பேரும் அறிவர். நீதிமன்றத்தின் ஏட்டில் மட்டும் அது ஏறவில்லை. அன்றைக்குக் கேட்ட அந்த ‘தம் விருப்பப்படி’ என்ற சொல்லைத்தான் பின்னாளில் நான் சட்டப் புத்தகங்களிலும் தேடத் தொடங்கினேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். பிற்காலத்திற் பலமுறை திருத்தப்பட்டாலும் அடிப்படை இன்னும் அதுவே. அச்சட்டம் வாகனங்களை வகைவகையாகப் பிரிக்கிறது: மோட்டார் கார், பஸ், லொறி, இருபயன் வாகனம், உழவு இயந்திரம் என்று. ஒவ்வொன்றும் எந்த வகையிற் பதியப்பட்டதோ, எந்த வகைக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெற்றதோ, அந்த வகைக்குரிய வேலையையே செய்தல் வேண்டும். கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றுவதற்குப் பயணிகள் சேவை அனுமதிப்பத்திரம் தனியே வேண்டும். பஸ்ஸில் இத்தனை ஆசனம், நிற்பவர் இத்தனை பேர் என்று எண்ணி எழுதும் அரசாங்கம், லொறியை எழுதும்பொழுது எத்தனை கிலோ பாரம் என்று எழுதுகிறது. மனிதர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அங்கே இடம் சாரதியின் பக்கத்து ஆசனத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஆகவே ஐம்பது பெண்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன் வீதியில் வரும் லொறியைப் பொலிசார் மறித்தால் சாரதிமேல் வழக்குப் பதியலாம், பதிகிறார்கள். எவன்மேல் பதிகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சக்கரத்தைப் பிடித்திருப்பவன்மேல். அவனை ஓட்டச் சொன்னவர் அந்நேரம் பங்களாவில் இருப்பார். அல்லது கொழும்பில் இருப்பார். சில வேளை உழவு வயலின் ஓரத்தில் குடைபிடித்து நிற்பார். லொறி மறிக்கப்பட்டதனால் வேலைக்கு நேரம் பிந்திய பெண்ணுக்கோ அன்று அரைப்பேர். பொலிசார் இன்னும் கடுமையாக நடந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பட்டணத்துப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவோர் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. மறிப்பது அவசியமே. மறித்தபின் அந்தப் பெண்கள் எதில் ஏறிப் போவார்கள் என்பதற்கு விடை இல்லாதவரை அது பாதி வேலைதான்.

காப்புறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். சாமான் ஏற்றுவதற்கென்று பெற்ற காப்புறுதிப் பத்திரத்தில், தட்டில் ஏறியவர்களுக்கும் பொறுப்பேற்பதாக எழுதியிருக்கிறதா என்று உங்களில் எவராவது படித்துப் பார்த்திருக்கிறீர்களா? லொறி வைத்திருக்கும் விவசாய நண்பர்கள் இன்றிரவே வீட்டுக்குப் போய் அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் கொடுத்துக் கேளுங்கள். இந்தியாவில் இதே கேள்வி உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றது. சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏறியவர்களுக்கும் காப்புறுதி நிறுவனம் ஈடுகொடுக்க வேண்டும் என்று சத்பால் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் முதலிற் கருதியது. சில ஆண்டுகளில் ஆஷா ராணி வழக்கில் அக்கருத்தை மாற்றியது. அத்தகையோர் விடயத்தில் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றாகிவிட்டது. நிறுவனம் முதலிற் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் அறவிட்டுக்கொள்ளட்டும் என்று சில வழக்குகளில் நீதிமன்றம் இரக்கம் காட்டியதுண்டு. அப்படியானால் அந்தப் பாரம் முடிவில் எங்கே போய் நிற்கும்? ஒரு லொறியும் இரண்டு ஏக்கர் நிலமும் வைத்திருக்கிற சிறு விவசாயியின் தலையில்.

தொழிலாளருக்கு வேறொரு கதவும் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட காயத்துக்கு வேலைகொள்வோர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலைக்குப் போகும் வழி வேலையில் அடங்குமா என்று நெடுங்காலமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குப் போகும் பயணத்தையும் திரும்பும் பயணத்தையும் சேர்த்துக்கொண்டது. நான் அறிந்தவரையில் இதைத் தெரிந்து வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் மிகச் சிலரே. என் சின்னம்மாவின் காலத்தில் இது இருந்திருக்குமானால் அவ்விரு பிள்ளைகளும் அப்படி வளர்ந்திருக்க மாட்டார்கள்.

சட்டம் கிடக்கட்டும். ஏன் ஆபத்து என்பதையும் சற்றே பார்ப்போம். நம் மலைவீதிகளின் கொண்டையூசி வளைவுகளை நீங்கள் அறிவீர்கள். 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு வளைவில் லொறி மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில்தான் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய வேகம் அன்று. ஆயினும் அந்தக் கணத்தில் தட்டில் நிற்பவரின் உடல் நிறையில் மூன்றிலொரு பங்கு அவரை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. 54 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு அது 18 கிலோ. பல தோட்டங்களில் ஒரு முழுப் பேருக்குக் கேட்கும் கொழுந்தின் நிறையும் 18 கிலோதான். நாள் முழுதும் முதுகில் சுமக்கும் அந்தப் பாரத்தை ஒருவர் திடீரென்று பக்கவாட்டிலிருந்து உங்கள்மீது சாய்த்தால் எப்படி இருக்கும்? அதுவும் பிடிப்பதற்குக் கம்பியில்லை. காலுக்குக் கீழே ஈரம். பக்கப்பலகையோ இடுப்புக்குக் கீழே நின்றுவிடுகிறது. பலகையின் உயரம் கொழுந்துச் சாக்குக்காக அளந்தது. சாக்கு எழுந்து நிற்பதில்லை.

நாற்பது பேர் தட்டில் நிற்கும்பொழுது அவர்களுடைய பாரமும் வாகனத்தின் பாரமும் சேர்ந்து மேலே ஏறிவிடுகிறது. வளைவில் எல்லோரும் ஒருபக்கம் சாயும்பொழுது லொறியும் அப்பக்கம் சாயப் பார்க்கிறது. கட்டி வைத்த சாக்கு அசையாது, மனிதர் அசைவர். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்து மிதித்து இறங்கினால் அது சூடேறி வலுவிழக்கும் என்பதைச் சாரதிமார் அறிவர். தட்டில் நிற்பவரின் தலை வீதியிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வீழும் தலை தரையைத் தொடும்பொழுது மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் தொடும். லொறி நின்றுகொண்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கூரையும் ஆசனமும் உள்ள வாகனங்களையே நம் வீதிகள் விட்டுவைக்கவில்லை. 2021 மார்ச் மாதம் பசறை வீதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 14 பேர் மாண்டார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லையில் பஸ் ஒன்று வானோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியதில் 7 பேர் போனார்கள். 2025 மே மாதத்தில் றம்பொடை கெரண்டி எல்லையில் 20க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அந்தந்த வேளையில் நாடே துக்கம் கொண்டாடியது, விசாரணைகள் நடந்தன, ஆசனப்பட்டியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆசனப்பட்டி! லொறித் தட்டில் முதலில் ஆசனம் எங்கே?

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் துறையூருக்கு அருகே 2019 ஆகஸ்ட் மாதம் சரக்கு வண்டியிற் சென்றவர்கள் கிணற்றில் வீழ்ந்து 8 பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரல் மாதம் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் கோயிலுக்குப் போன வண்டி பள்ளத்தில் உருண்டு 11 பேர் மாண்டார்கள். செல்வம் கொழிக்கும் சிங்கப்பூருக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சென்ற கட்டடத் தொழிலாளர் அங்கே லொறிகளின் பின்தட்டில் அமர்ந்து வேலைக்குப் போகிறார்கள். பொருள் வாகனத்தில் ஆள் ஏற்றலாகாது என்ற பொதுவிதிக்குத் தொழிலாளர் விலக்கு. 2011ஆம் ஆண்டு முதல் அங்கே கூரையும் உயர்ந்த பக்கக் கம்பிகளும் கட்டாயமாக்கப்பட்டன. அதன்பின்னும் 2021 ஏப்ரலில் நெடுஞ்சாலை விபத்தொன்றில் லொறியில் வந்த இரு தொழிலாளர் உயிரிழந்தார்கள். பாராளுமன்றத்தில் வாதம் நடந்தது. முழுத்தடை விதித்தால் சிறு கம்பனிகள் தாங்கமாட்டா என்பது அரசாங்கத்தின் பதிலாக இருந்தது. செல்வத்தினால் மட்டும் இக்குறை தீராது என்பதற்காகவே இதை எடுத்துக் கூறுகிறேன். தென்னாபிரிக்காவில் பண்ணைத் தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளும் இவ்வாறே சென்று மடிந்தார்கள். கட்டணம் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளைச் சரக்குத் தட்டில் ஏற்றுவதை 2017 மே மாதம் முதல் அங்கே தடுத்தார்கள். பிள்ளைகளிலிருந்தாவது தொடங்கினார்கள்.

நம் மலைநாட்டில் இந்த வழக்கம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. மக்களை ஏற்றிச் செல்வது அரசாங்கத்தின் கடமை என்று அன்று இந்நாடு ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த பஸ் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. வாசலிலிருந்து கடைசி லயம் வரை சில இடங்களில் மூன்று மைல், சில இடங்களில் ஐந்து மைல். அந்த வீதி தோட்டத்துக்குச் சொந்தம். 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. உரிமையாளர் மாறினர், குழி நிரம்பவில்லை. பிரதேச சபையிடம் கேட்டால் தோட்டத்து வீதி என்பார்கள். தோட்டத்திடம் கேட்டால் வருமானம் இல்லை என்பார்கள். பஸ் நின்ற அதே வாசலில் சட்டமும் நின்றுவிட்டது. உள்ளே லொறியும் உழவு இயந்திரத்துப் பெட்டியும் அரசு செலுத்துகின்றன.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். இந்திய அரசின் நன்கொடையில் 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்த சேவை அது. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் பாலம் இடிந்த தோட்டத்து வீதியில் அந்த வண்டி எப்படி ஏறும்? 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலைகளைச் சரித்தபொழுது வீதியும் ரயில்பாதையும் அறுந்து போயின. அந்நாட்களில் லொறியும் உழவு இயந்திரமும் ஏற்றி இறக்கியிராவிட்டால் மேலும் பலரை இழந்திருப்போம். அந்தச் சாரதிமாரை நான் இரு கைகூப்பி வணங்குகிறேன். உயிரைக் காக்க லொறியில் ஏற்றுவதை எந்த நீதவானும் குற்றமென்று சொல்லமாட்டார். பேரிடர் நாளின் வழக்கத்தைப் பிரட்டு நாளின் வழக்கமாக்கியதைப் பற்றியே நான் பேசுகிறேன்.

என்ன கேட்கிறோம்? ஒரு தோட்டமோ கம்பனியோ விவசாயியோ தன் வேலைக்காக ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றிச் செல்வதானால், அந்தப் பயணத்துக்கு முழுப் பொறுப்பும் ஏற்றச் சொன்னவரையே சாரவேண்டும். சாரதியின் அபராதத்தோடு வழக்கு முடியலாகாது. ஏற்றும் கட்டளை எழுத்தில் இருத்தல் வேண்டும்: இன்ன நாள், இன்ன வாகனம், இன்னார் இன்னார் என்று. செக்றோலில் பெயர் விழுவது லொறியில் ஏறும் இடத்திலேயே விழட்டும். இறங்கும் இடத்தில் வேண்டாம். வாகனத்துக்குக் கூரையும், நிலையான இருக்கையும், மார்பளவு கம்பியும், பூட்டும் பின்கதவும் இருக்கட்டும். அதே நடையில் உரமூட்டையும் மருந்துப் பீப்பாயும் ஏற்றலாகாது. ஏறியவர்களுக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுக்கட்டும். செலவாகும் என்பார்கள். ஆகும். கொழுந்து வாடக்கூடாது என்று காற்றோட்டமாக அடுக்கி, நேரம் பார்த்துத் தொழிற்சாலைக்கு ஓட்டுகிறார்கள், அதற்குச் செலவில்லையா?

கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை கம்பனிகளும் சங்கங்களும் ஒரு மேசையில் அமர்ந்தன. பேச்சு முழுவதும் சம்பளத்தையே சுற்றியது. 2021ஆம் ஆண்டில் ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தைச் சம்பளச் சபை நிர்ணயித்த பின் கம்பனிகள் ஒப்பந்தத்தைவிட்டு விலகிக்கொண்டன. இனி எந்த மேசை அமைந்தாலும், அது தொழில் ஆணையாளரின் மேசையாயினும் சரியே, இந்தப் பயணத்தையும் அங்கே வைக்கச் சங்கத் தலைவர்கள் முன்வர வேண்டும். வைப்பதற்கு முன் தங்கள் மேதின ஊர்வலத்துக்கு ஆட்களை எதில் ஏற்றி வந்தார்கள் என்பதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். தொழிலாளர் பாதுகாப்பு வாழ்க என்று எழுதிய பதாகையை லொறியின் பக்கப்பலகையில் கட்டி, அதன் மேலே பதினைந்து பேர் உட்கார்ந்து வந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

விவசாய நண்பர்களே! உங்களையும் விட்டுவிடப் போவதில்லை. ‘பட்டா’ என்று நாம் அழைக்கும் சின்ன லொறி இப்பொழுது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நல்லதே, இடைத்தரகரின் வாகனத்துக்குக் காத்திராமல் மரக்கறியை நீங்களே சந்தைக்குக் கொண்டுபோகிறீர்கள். காலையில் எட்டுப் பெண்களை அதன் தட்டில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போவதும், மாலையில் லீக்ஸ் மூட்டைகளின் உச்சியில் அவர்களை உட்காரவைத்துத் திரும்புவதும் உங்களுக்குப் பழகிப்போன காரியம். அந்தப் பெண்களை நீங்கள் அக்கா என்றும் தங்கச்சி என்றும் அழைக்கிறீர்கள். மூட்டையின்மேல் உட்கார்ந்தவருக்குப் பக்கப்பலகை இருந்தும் இல்லாததே. எட்டுப் பேருக்கு ஒரு வானை நாலு விவசாயிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் ஆளுக்கு எவ்வளவு விழும் என்று ஒருநாள் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் நாளைக்கே வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நாளைக் காலையும் பிரட்டு உண்டு; லொறியும் உண்டு. ஆகவே தாய்மாருக்குச் சில சொற்கள். ஏறத்தான் வேண்டுமென்றால் நிற்காதீர்கள். தட்டின் நடுவில், முன்பலகையை ஒட்டி உட்காருங்கள். பக்கப்பலகையின்மேலும் மூட்டையின்மேலும் உட்காராதீர்கள். ஏறுமுன் பின்பலகையின் கொக்கியை ஒருவர் கையால் ஆட்டிப் பாருங்கள். கம்பியால் கட்டியிருந்தால் சாரதியிடம் சொல்லி நிறுத்துங்கள். பிள்ளைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள். யார் ஏறச் சொன்னார், என்ன நேரம், வாகனத்தின் இலக்கம் என்ன என்பதை எழுதத் தெரிந்த பிள்ளையிடம் சொல்லிக் கொப்பியில் எழுதி வையுங்கள். இப்பொழுது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. லொறி புறப்படுமுன் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும். ஏதும் நடந்துவிட்டால் தாமதியாமல் பொலிசிலும் தொழில் திணைக்களத்திலும் முறையிடுங்கள்; கந்தோரில் நீட்டும் காகிதத்தில் படித்துப் பாராமல் விரல் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு காகிதத்தில் விரல் வைத்தார்கள்.

நேரம் ஏறிவிட்டது. மழையும் தூறத் தொடங்கிவிட்டது. நான் மேடையேறுமுன் கூட்டத்தின் செயலாளரிடம் ஒன்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கம் போகவேண்டியவர்களுக்கும் மஸ்கெலியாப் பக்கம் போகவேண்டியவர்களுக்குமாக ஒரு தனியார் பஸ்ஸைப் பேசி அழைத்திருக்கிறார். அதற்குரிய பணத்தில் ஒரு பகுதியை நான் தருகிறேன். அது இரண்டு நடை ஓடவேண்டும். முதல் நடையில் பிள்ளைகளோடு வந்த தாய்மாரும் வயது சென்றவர்களும் ஏறட்டும். மற்றவர்கள் இங்கேயே இருங்கள், தேநீர் வருகிறது. லொறிச் சாரதிமார் மூவரும் வெறுந்தட்டோடு மெதுவாகப் போய்ச் சேரட்டும்.